கண்ணுக்கு எட்டும் இடத்தில்

மழை விட்டு மூன்று நாளாகியும் அக்கா வீட்டுப் பின்சுவர் சரியாகக் காயவில்லை. ஈரச் சுவரில் துளை போட்டால் தூளுக்குப் பதில் சேறுதான் வரும், ஆணியும் பிடிக்காது. கம்பி ஒன்பது மணிக்கே வேனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். ஆனாலும் வெயில் சுவரில் நன்றாக விழும்வரை பொறுக்கலாம் என்று சொல்லிவிட்டு முன்பக்கமே சுற்றிக்கொண்டிருந்தான். வேனில் இருந்த ஸ்குரூக்களை அளவு பார்த்துப் பிரித்தான். பிரித்ததையே மறுபடியும் பிரித்தான். சுவர் ஒரு சாக்கு. அவனுக்குப் பின்பக்கம் போகக் கால் வரவில்லை.

கம்பி என்பது பட்டப்பெயர். ஆறடி உயரம், ஒட்டிய வயிறு, தோளில் எந்நேரமும் ஒரு சுருள் ஒயர். தொழில் பழகிய காலத்தில் கூட்டாளிகள் வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக வீடுகளுக்கு மின்சார வேலை பார்க்கிறான். "பேருதான் கம்பி. ஒரு வேலைய பாதில விட்டுட்டுக் கம்பி நீட்டினதே கிடையாது" என்று ஒரு வாடிக்கையாளர் இன்னொருவரிடம் சொல்லி அவனை அனுப்பிவைப்பார். முன்பு அதைக் கேட்டுச் சிரிப்பான். நாலு மாசமாகச் சிரிப்பதில்லை.

அக்கா நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். பின்கட்டில் ஒன்பது மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலத்தில் ஒரு குளம். டைல்ஸ் கடையில் வேலை பார்த்த அத்தான், கடையில் ஓரம் உடைந்து ஒதுக்கிய டைல்ஸ்களைப் பெட்டி பெட்டியாக வாங்கிவந்து, ஒரு வருஷம் லீவு நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்து ஒட்டிய குளம். அதனால் அதில் நாலைந்து வகை நீலம் இருக்கும். காலை ஏழரைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். பத்து மணிக்கு முட்டிவலிக்காரர்கள். தண்ணீரைப் பார்த்தாலே அலறுகிற பிள்ளையைக்கூட அக்கா மூன்று வாரத்தில் மிதக்க வைத்துவிடுவாள்.

இப்போது குளத்துத் தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகக் கிடந்தது. நாலு மாசமாக மோட்டார் ஓடவில்லை.

நடந்தது இதுதான். ஒரு காலையில் மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. அத்தான் வீட்டுக்குள் நடையில் இருக்கிற மின்பெட்டியில் அதற்கான பிரேக்கர் சுவிட்சைக் கீழே இறக்கிவிட்டு, பின்னால் போய் மோட்டார் மூடியைக் கழற்றினார். யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து நிமிஷ வேலைக்கு என்ன சொல்வது? அந்தப் பிரேக்கர் மழைக்காலத்தில் தானாகவே விழுவது வழக்கம். பிள்ளைகள் வரும் நேரம். துண்டுகளை அள்ளிக்கொண்டு நடை வழியாக வந்த அக்கா, பிரேக்கர் கீழே கிடப்பதைப் பார்த்தாள். எப்போதும் செய்வதுபோல மேலே தள்ளிவிட்டு நடந்தாள். மோட்டார் இருந்த மூலை நடையிலிருந்து தெரியாது. சுவர் மறைக்கும்.

அதற்குப் பிறகு அக்காவோடு முகம் கொடுத்துப் பேச ஆளில்லாமல் போனது. ஒரே மகள் வெளியூரில் படிக்கிறாள். காரியம் முடிந்ததும் போனவள், வாரத்துக்கு ஒருமுறை போன் செய்து, பணம் வந்தது, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிடுவாள். அத்தானுடைய அக்கா, டவுன் பஸ் ஓட்டுகிறவள், தம்பி சாவுக்கு வந்தவள் இங்கேயே தங்கிவிட்டாள். தம்பி மனைவியைத் தனியே விட மனமில்லை என்று ஊரார் நினைத்தார்கள். ஆனால் அவள் அக்காவோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. மூன்றடி தள்ளி அக்கா நிற்கும்போதே கம்பியைப் பார்த்து, "கேஸ் தீந்துடுச்சுன்னு அந்த அம்மாகிட்ட சொல்லுங்க தம்பி" என்பாள். கம்பியும் சொல்வான். அக்காவும் "சரி" என்பாள்.

பத்தரைக்குக் கம்பி பின்னால் போனான்.

மின் ஆய்வாளர் ஆபீஸிலிருந்து கடிதம் வந்திருந்தது. மோட்டாருக்குப் பக்கத்திலேயே வெளியில் ஒரு தனி சுவிட்ச் பெட்டி வைத்தால்தான் குளத்தைத் திரும்பத் திறக்கலாம், செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்து பார்ப்பார் என்று. கம்பி முதலில் உள்ளே போய்ப் பிரேக்கரை இறக்கி, அதன்மேல் ஒரு பூட்டை மாட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கரண்ட் பார்க்கும் மீட்டரை எடுத்து, கரண்ட் வருகிற ஒரு பிளக்கில் வைத்துப் பார்த்தான். காட்டியது. மோட்டார் ஒயரில் வைத்துப் பார்த்தான். ஒன்றுமில்லை. மறுபடியும் பிளக்கில் வைத்து, மீட்டர் பொய் சொல்லவில்லை என்று உறுதிசெய்துகொண்டான். இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம், கை தானாகச் செய்தது.

பிறகு இடம் பார்த்தான். குளத்தில் நிற்கிறவர் எவ்வளவு எட்டினாலும் கைபடாத தூரம் வேண்டும். மோட்டாரிடம் குனிந்து வேலை செய்கிறவர் தலையைத் தூக்கினால் கண்ணில் படும்படியும் இருக்க வேண்டும். நெஞ்சு உயரத்தில் பென்சிலால் கோடு போட்டு, மட்டம் பார்த்து, நாலு துளை போட்டான். சிவப்புத் தூள் செருப்பில் கொட்டியது. சாம்பல் நிறப் பெட்டியைச் சுவரில் வைத்து முறுக்கினான். மழைநீர் உள்ளே இறங்காதபடி பைப் இரண்டையும் அடிப்பக்கம் வழியாகவே ஏற்றினான்.

ஒயர் தோலை உரித்துக்கொண்டிருந்தபோது பஸ்காரம்மா வந்து நின்றாள். மதிய ஷிப்டு. காக்கிச் சட்டையைப் போட்டுவிட்டாள், இன்னும் பொத்தான் போடவில்லை. கையில் இரண்டு டீ. ஒன்றை அவனிடம் நீட்டினாள்.

"இதுதான் அதுவா?"

"ஆமாங்க."

"என்ன பண்ணும்?"

"மோட்டார்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி இத இறக்கிடலாம். இறக்கிட்டு இந்த ஓட்டைல பூட்டு போட்டுடலாம். சாவி நம்ம பையில இருக்கும். உள்ள யாரு என்னத்த தள்ளினாலும் இங்க கரண்ட் வராது."

பஸ்காரம்மா டீயை ஊதினாள். குடிக்கவில்லை. பெட்டியையும் மோட்டாரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவே அவள் காலால் ஐந்து எட்டு.

"அப்ப அன்னைக்கு இது இருந்திருந்தா?"

கம்பி ஒயரைப் பார்த்துக்கொண்டே, "இருந்திருந்தா..." என்று இழுத்தான்.

"ஏன் தம்பி இல்ல? நீங்கதானே ஒயரிங் பண்ணீங்க?"

"அப்ப இந்த விதி இல்லீங்க. இப்பதான் கொண்டுவந்திருக்காங்க."

வாயிலிருந்து அது வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பஸ்காரம்மா தலையை ஆட்டினாள்.

"எல்லாம் ஒரு உசுரு போனப்புறம்தான் கொண்டுவருவாங்க" என்றாள். சமையலறை ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே தட்டு கழுவிக்கொண்டிருந்த அக்காவுக்குக் கேட்கும்படி, "விதி இல்லாட்டி என்ன? உள்ள வர்றவங்க ஒரு தடவ எட்டிப் பாத்திருக்கலாம். கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். வாய் இருந்துச்சே" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

ஜன்னலில் தட்டுச் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி ஆரம்பித்தது.

கம்பி வேலையைத் தொடர்ந்தான். உள்ளேயிருந்து வரும் ஒயர் மேல் முனையில், மோட்டாருக்குப் போவது கீழ் முனையில், பச்சை எர்த் ஒயர் தனிக் கட்டையில். ஒவ்வொன்றையும் முறுக்கிவிட்டு இழுத்துப் பார்த்தான். எல்லாம் கெட்டியாக இருந்தன. இருந்தும் டீ ஆறி ஆடை படியும்வரை இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பிறகு உள்ளே போய், பழைய பிரேக்கரைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் கசிவு இருந்தாலும் உடனே துண்டிக்கிற புது வகைப் பிரேக்கரை அதே இடத்தில் மாட்டி, ஆஃபிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தான். பெட்டியில் மீட்டரை வைத்துக்கொண்டு நின்றான். மேல் முனைக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். எந்த வீட்டிலும் இந்த இடத்தில் சொல்வதைத்தான், கண்ணை மீட்டரிலிருந்து எடுக்காமல், இங்கேயும் சொன்னான்.

"அக்கா, உள்ள அந்த மூணாவது பிரேக்கர மேல தள்ளிவிடேன்."

சொன்னது என்னவென்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. திரும்பினான். அக்கா பின்வாசல் படியில் ஈரக் கையோடு நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"நீயே போய்ப் போட்டுக்கடா."

"சரிக்கா. நான் மறந்து... நானே போறேன்."

"நான் அந்தப் பெட்டியத் தொட்டு நாலு மாசம் ஆகுது. லைட்டு போனா இருட்டுலயே உக்காந்துப்பேன். அண்ணி வந்து போடுவாங்க." கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்துவிட்டு மறுபடியும் துடைத்தாள். "நூறு தடவ தள்ளிருக்கேன்டா. கீழ கெடந்தா மேல தள்ளணும், அவ்ளோதான் தெரியும். அண்ணி சொல்றது சரிதான். ஒரு சத்தம் குடுத்திருந்தா, 'நான் இங்க இருக்கேன்'னு சொல்லியிருப்பாரு. எனக்கு அது தோணவே இல்லையே. ஏன்டா தோணல?"

கம்பி மீட்டரைக் கீழே வைத்தான். அக்கா அழுதிருந்தால் அவன் தப்பித்திருப்பான். அவள் நிஜமாகவே பதில் தெரிய வேண்டும் என்பதுபோல அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உனக்குத் தோண வேண்டிய அவசியமே இருந்திருக்கக் கூடாது."

"என்ன சொல்ற?"

"இந்த விதி இப்ப வந்ததில்ல. நான் தொழிலுக்கு வந்த நாள்ல இருந்து இருக்கு. காலைல உன் அண்ணிகிட்ட பொய் சொன்னேன். ரெண்டு வருஷம் முன்னாடியே இந்தப் பெட்டி இந்தச் சுவத்துல இருந்திருக்கணும்."

அக்கா படியில் உட்கார்ந்தாள்.

"வாங்கிட்டேன்க்கா. உன் வீட்டுக்குன்னே வாங்கி வேன்ல வச்சிருந்தேன். அந்த வாரம் இன்னொரு வீட்டுல அவசரம்னாங்க. கடைல சரக்கு இல்ல. இத எடுத்து அங்க மாட்டிட்டேன். இது நம்ம வீடுதானே, அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு நெனச்சேன். அத்தானும் 'மோட்டார் ஓடுது, பசங்க வர்றாங்க, மெதுவா வாடா'ன்னாரு. எல்லாம் முறைப்படி இருக்குன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். அடுத்த வாரம் வேற வேலை. அப்புறம் மறந்தே போச்சு."

"அந்த ஆபீசர் உன்னக் கூப்பிட்டுக் கேட்டாரே?"

"கேட்டாரு." கம்பி செருப்பிலிருந்த செங்கல் தூளைப் பார்த்தான். "அப்ப சரக்கு கிடைக்கல, வாங்கி மாட்டிக்கச் சொல்லி வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருந்தேன்னு சொல்லிட்டேன்."

"உங்க அத்தான்கிட்டயா?"

"ஆமா."

"சொன்னியா?"

"இல்லக்கா."

குளத்தின்மேல் ஒரு தட்டான் தாழப் பறந்து போனது. அக்கா அதையே பார்த்தாள். அவள் கத்துவாள், ஓங்கி அறைவாள் என்று கம்பி காத்திருந்தான். சின்ன வயசில் அடித்தவள்தான்.

"எந்த வீடு?" என்றாள்.

"என்னக்கா?"

"எங்க பெட்டிய எந்த வீட்ல மாட்டின?"

"ஆஸ்பத்திரிக்குப் பின்னாடித் தெரு. வயசானவங்க ரெண்டு பேரு. வெந்நீர்த் தொட்டி வச்சிருக்காங்க."

"நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க."

அக்கா மெதுவாகத் தலையசைத்தாள். கம்பி சுவரில் சாய்ந்தான்.

பஸ்காரம்மா பின்வாசலில் நின்றிருந்தாள். சமையலறை ஜன்னல் திறந்துதான் இருந்தது, எல்லாம் கேட்டிருக்கிறது. காக்கிச் சட்டையின் மேல்பொத்தான் இன்னும் போடவில்லை. தோளில் மாட்டிய பை நழுவி முழங்கையில் தொங்கியது.

"நாலு மாசம்" என்றாள். குரல் உயரவில்லை. "வாரா வாரம் வந்தீங்க. இந்த வீட்ல உக்காந்து சாப்பிட்டீங்க. நான் இவள என்னென்ன பேசினேன்னு கேட்டுட்டுத்தானே இருந்தீங்க? கொலைகாரின்னு சொன்னேன். அதையும் கேட்டீங்க. எதிர்ல உக்காந்து தண்ணி குடிச்சீங்க."

"ஆமாங்க."

"ஆமாவா?"

"ஆமாங்க. கேட்டேன்."

"கம்பின்னு உங்களுக்குப் பேரு வச்சவன் தெரிஞ்சுதான் வச்சிருக்கான்."

கம்பி தலையைக் குனிந்துகொண்டான். பஸ்காரம்மா மணி பார்த்தாள். டிப்போவுக்குப் போக வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. பையைத் தோளில் ஏற்றிவிட்டும் கிளம்பவில்லை. படியில் உட்கார்ந்திருந்த தம்பி மனைவியின் உச்சந்தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வா" என்றாள்.

அக்கா நிமிர்ந்தாள். தன்னைத்தானா என்று புரியாமல் கம்பியைப் பார்த்தாள்.

"உன்னத்தான். எந்திரி. எத்தன நாளைக்கு இருட்டுல உக்காந்திருப்ப?"

இருவரும் உள்ளே போனார்கள். கம்பி மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டான். நடையில் மின்பெட்டியின் தகரக் கதவு கிரீச்சிடுவது கேட்டது. "மூணாவதா?" என்றது பஸ்காரம்மாவின் குரல். "ஆமா அண்ணி." பிறகு நீண்ட நேரம் எதுவுமில்லை. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். டக்கென்று ஒரு சத்தம்.

மீட்டரில் எண் ஏறியது.

"வந்துடுச்சா?" உள்ளேயிருந்து பஸ்காரம்மா கத்தினாள்.

"வந்துடுச்சுங்க."

யார் கை அதைத் தள்ளியது என்று அவன் கேட்கவில்லை. கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று பட்டது.

பஸ்காரம்மா முன்வாசல் வழியாகவே வேலைக்குப் போய்விட்டாள். அக்கா மட்டும் திரும்பி வந்தாள். கம்பி பெட்டியை மூடி, பிடியை மேலே ஏற்றினான். மோட்டார் இரண்டு தடவை இருமி, காற்றைத் துப்பி, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. குளத்தின் ஒரு மூலையில் பாசி மெல்ல நகர்ந்தது.

"எப்படின்னு காட்டு" என்றாள் அக்கா.

காட்டினான். பிடியைக் கீழே இறக்கு, பூட்டு, சாவியைப் பையில் போடு, அப்புறம்தான் மோட்டார் பக்கம் போ. அக்கா செய்தாள். மோட்டார் நின்றது. திறந்து, ஏற்றி, மறுபடி இறக்கிப் பூட்டினாள். மூன்றாவது தடவை அவன் வாயைத் திறக்கத் தேவையிருக்கவில்லை.

"என் பொண்ணு என்கிட்ட ஹவுஸ் ஓனர்கிட்ட பேசுற மாதிரி பேசுறா" என்றாள், சாவியைப் பார்த்தபடியே. "அவகிட்ட நீயே சொல்லு. இன்னைக்கே சொல்லு. அப்புறம் அந்த ஆபீசர்கிட்ட. உங்க அத்தான் பேரு அந்தக் காயிதத்துல அப்படி இருக்கக் கூடாது."

"சரிக்கா."

"அப்புறம் நான் கூப்பிடுற வரைக்கும் இங்க வராத."

"சரிக்கா."

"கூப்பிடுவேனான்னு தெரியல."

அவன் ஒயர்த் துண்டுகளைப் பொறுக்கினான். அக்கா துடைப்பத்தை எடுத்துவந்து செங்கல் தூளைக் கூட்டினாள். அவன் கூட்டுகிறேன் என்றதற்கு, வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினாள். எப்போதும் வேன் முனை திரும்பும்வரை கேட்டில் நிற்பவள், அன்றைக்கு வெளியே வரவில்லை.

வேனைத் தெருமுனையில் ஓரம்கட்டி, அங்கேயே உட்கார்ந்து அக்கா மகளுக்குப் போன் செய்தான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் "மாமா, இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றான். போனை வைத்துவிட்டாள். ஐந்து நிமிஷம் கழித்து, சொல்லாமல் விட்ட ஒரு விவரத்துக்காக மறுபடி கூப்பிட்டான். அவள் வேறொருவரோடு பேசிக்கொண்டிருப்பதாக வந்தது. அரைமணி நேரம் கழித்தும் அப்படித்தான் வந்தது. கம்பி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தான். அவர் படித்துவிட்டு, "இப்ப எதுக்குய்யா இத எழுதுற? முடிஞ்சுபோன ஃபைல்" என்றார். கம்பி தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. விசாரித்தார்கள். லைசென்ஸை இரண்டு வருஷத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். வேன் வீட்டு வாசலில் தூசி படிந்து நின்றது. கம்பி ஒரு மொத்தக் கடையில் ஒயரை மீட்டர் கணக்கில் அளந்து வெட்டிக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தான். "என்னப்பா, கவுன்டருக்கு அந்தப் பக்கம் போயிட்ட?" என்று பழைய கூட்டாளிகள் கேட்டார்கள். ஏன் என்று ஒளிக்காமல் சொன்னான். சிலர் அதன்பின் வேறு கவுன்டரில் வாங்கிக்கொண்டார்கள்.

அக்கா கூப்பிடவில்லை. ஒன்பது மாசம் ஆயிற்று.

ஒரு தூறல் காலையில் கடைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினான். இரண்டாவது படியில் கால் வைத்தபோதுதான் ஓட்டுநர் சீட்டில் யார் என்று பார்த்தான். இறங்கிவிடலாமா என்று நினைப்பதற்குள் பின்னால் நாலு பேர் ஏறிவிட்டார்கள்.

"நடுவழில நிக்காதீங்க. முன்னாடி வாங்க" என்றாள் பஸ்காரம்மா.

அவளுக்குப் பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு நிறுத்தம் தாண்டியது. சிக்னலில் பஸ் நின்றபோது, கண்ணாடியில் பின்னால் பார்த்தபடி அவளே ஆரம்பித்தாள்.

"பதினாலு பசங்க வர்றாங்க."

"சந்தோஷங்க."

"உங்க சந்தோஷத்துக்காகச் சொல்லல." வைப்பர் இரண்டு தடவை போய் வந்தது. "லீவுக்குப் பொண்ணு வந்திருந்துச்சு. பத்து நாள் இருந்துச்சு. ஆத்தாளும் மகளும் ராத்திரி பூரா பேசி என்னத் தூங்க விடல."

கம்பி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நானும் தண்ணில எறங்கிட்டேன். முப்பது வருஷம் கிளட்ச் மிதிச்ச முட்டி, தண்ணிதான் மருந்துன்னு உங்க அக்கா இழுத்துட்டுப் போயிடுச்சு. மல்லாக்கப் படுக்கணுமாம். முதுகுக்கு அடில ரெண்டு கையையும் வச்சுத் தாங்கிக்குது. எடுத்துடாதடி எடுத்துடாதடின்னு நான் போடுற கூச்சல்ல பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாக்குறாங்க. அந்தப் பொடிசுங்க எல்லாம் வரிசையா உக்காந்து சிரிக்குதுங்க."

பச்சை விழுந்தது. பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. கடை நிறுத்தம் வரும்வரை அவள் சாலையைத்தான் பார்த்தாள். கம்பி இறங்குவதற்காக வாசலுக்கு வந்தான்.

"அவகிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்றாள்.

ஒன்பது மாசமாக மனசுக்குள் எழுதி எழுதி அழித்ததெல்லாம் ஒரே நேரத்தில் வாய்க்கு வந்தது. எதுவும் பஸ் வாசலில் நின்று சொல்கிற மாதிரி இல்லை.

"நான் நல்லா இருக்கேன்னு சொல்லுங்க."

"இருக்கீங்களா?"

கேலியில்லாமல்தான் கேட்டாள். பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது.

"சரி, எறங்குங்க. பாத்தேன்னு மட்டும் சொல்றேன்."

இறங்கினான். கதவு மூடி, பஸ் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு நகர்ந்தது. கடை ஷட்டரை யாரோ தூக்கும் சத்தம் கேட்டது. கம்பி நனைந்துகொண்டே பஸ் முனை திரும்பும்வரை நின்றான்.